வானொலிப் பெட்டியும் அனுமதிப்பத்திரமும்

ஒலியலைக்கு வேலியில்லை, அதனை ஏற்கும் பெட்டிக்கோ சட்டம் வேலியிட்டது. பிரித்தானியாவில் 1922இல் வானொலி கேட்போர் ஆண்டுக்குப் பத்துச் சில்லிங் செலுத்தி அனுமதிப்பத்திரம் பெறலாயினர். 1946இல் தொலைக்காட்சிக்கும் அம்முறை விரிந்தது. கட்டணம் ஒலிபரப்பைப் பேணிற்று. தண்டனை கட்டணத்தைக் காத்தது.

குடியேற்ற நாடுகளும் இவ்வழியே சென்றன. இந்தியாவின் 1933ஆம் ஆண்டுச் சட்டம், அனுமதியின்றிக் கருவி வைத்திருப்போர்க்கு முதன்முறை 100 ரூபா வரையும், மறுமுறை 250 ரூபா வரையும் தண்டம் விதித்தது. இலங்கையில் 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16இல் முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. வானொலிக் கருவிக்கு இங்கும் அனுமதிப்பத்திரம் வேண்டியதாயிற்று. 1944ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கத் தொலைத்தொடர்புக் கட்டளைச்சட்டம் அம்முறைக்கு அரணாயிற்று.

இச்சட்டத்தின் இயல்பை யாழ்ப்பாணக் குடாநாடு நன்கு விளக்கும். 1939ஆம் ஆண்டு மே 16இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கிற்று. அதன் நாதசுர இசை பாக்குநீரிணையைக் கடந்து குடாநாட்டு வீடுகளிலும் ஒலித்தது. கட்டணம் கொழும்புக்கு, கேள்வியோ திருச்சிக்கு. ஆயினும், ‘உள்நாட்டு நிகழ்ச்சியை யான் கேட்பதில்லை’ என்பது வழக்காகாது. சட்டம் செவியை வினவவில்லை, பெட்டியையே வினவியது. வாசிகசாலைப் பெட்டியொன்றை ஊரே சூழ்ந்திருந்து கேட்பினும், அனுமதிப்பத்திரம் ஒன்றே போதுமானது.

1990ஆம் ஆண்டு யூனில் போர் மீண்டும் மூண்டதும் நிலை தலைகீழாயிற்று. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. ஒருகாலத்தில் அனுமதியற்ற பெட்டி குற்றமாயிருந்தது. இப்போது பெட்டிக்கு உயிரூட்டும் மின்கலமே அரிய பொருளாயிற்று. மக்கள் துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னால் செய்தி கேட்டனர். ஒருவர் சுழற்றப் பலர் செவிசாய்த்தனர்.

பிரித்தானியாவில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றித் தொலைக்காட்சி பார்ப்போர்க்கு 1,000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். அக்குற்றத்துக்கு நேரே சிறையில்லை. விதித்த தண்டத்தை வேண்டுமென்றே செலுத்தாதார்க்கே சிறை நேரும்.

கட்டணமென்பது ஓர் உடன்பாடு: ஒருசாரார் ஒலியை அளிக்க, மறுசாரார் பொருளை அளிப்பர். தண்டனையால் அப்பொருளைப் பெறலாம். கேட்கும் வேட்கையைப் பெறவியலாது. குடாநாட்டார் அவ்வேட்கைக்குத் தம் உழைப்பையே கட்டணமாகச் செலுத்தினர். அதனை எச்சட்டமும் அவர்மீது விதிக்கவில்லை.