தூக்குமேடையும் ஆயுட்சிறையும்: யாழ்ப்பாண அனுபவத்தின் வழி ஒரு வரலாற்று நோக்கு

பயங்கரவாதக் குற்றத்துக்குரிய தண்டனை தூக்கா, ஆயுட்காலச் சிறையா என்னும் வினா நம்மிடையே பெரும்பாலும் ஒழுக்கவியல் வினாவாகவே எழுப்பப்படுகிறது. ஒரு சாரார் உயிருக்கு உயிர் என்பர். மறுசாரார் உயிரின் புனிதத்தைக் கூறுவர். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். குறிப்பிட்டதோர் அரசு, குறிப்பிட்டதொரு காலத்தில், குறிப்பிட்ட சிலர்மீது செலுத்தும் அதிகாரமே தண்டனை. ஆகவே இவ்வினாவை இலங்கையின், சிறப்பாக யாழ்ப்பாணக் குடாநாட்டின், அண்மைக்கால வரலாற்றில் வைத்து நோக்க முயல்கிறோம்.

மரண தண்டனையை ஆதரிப்போர் தமிழ் மரபிலிருந்து காட்டும் முதற் சான்று திருக்குறளின் செங்கோன்மை அதிகாரமாகும். கொடியோரைக் கொல்லுதலைப் பயிரினிடையே களை எடுப்பதோடு வள்ளுவர் அங்கு ஒப்பிடுகிறார். வேளாண்மைச் சமுதாயத்து வேந்தனின் பார்வையில் எழுந்த உவமை இது. எது பயிர், எது களை என்பதை நிலத்துக்குரியவனே தீர்மானிக்கிறான். களைக்கு மேன்முறையீடு இல்லை. சிலப்பதிகாரமோ அத்தீர்மானம் பிழைத்த கதையைச் சொல்கிறது. பொற்கொல்லன் சொற்கேட்டு மன்னன் ஆணையிட, கோவலன் வெட்டுண்ட பின்னரே சிலம்பு உடைத்துப் பார்க்கப்படுகிறது. சான்று இருந்தது, அது வந்து சேரக் காலம் இருக்கவில்லை. கண்ணகை வழிபாடு இன்றும் நிலவும் மண்ணில் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நவீன இலங்கையில் இவ்விவாதம் 1956இன் பின் கூர்மை பெற்றது. பண்டாரநாயக்கா அரசாங்கம் 1958இல் சட்டமொன்றின் மூலம் மரண தண்டனையை இடைநிறுத்தியது. நோர்வல் மொறிஸ் தலைமையில் அமைந்த ஆணைக்குழு, தூக்குத் தண்டனை கொலைகளைத் தடுக்கிறது என்பதற்குத் தக்க ஆதாரமில்லை எனக் கண்டு, இடைநிறுத்தம் தொடர வேண்டுமென 1959இல் பரிந்துரைத்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் பண்டாரநாயக்காவே சுடப்பட்டு இறந்தார். ஆணைக்குழுவின் முடிவு ஒதுக்கப்பட்டு, மரண தண்டனை பின்னோக்கிய வலுவுடன் அவ்வாண்டிலேயே மீட்கப்பட்டது. விளைவு யாது? சுட்டவரான தல்துவே சோமாராம 1962 யூலை 6ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். சதியின் சூத்திரதாரிகளாகக் காணப்பட்ட மாப்பிட்டிகம புத்தரக்கித்தவும் எச். பி. ஜயவர்தனவும், பின்னோக்கிய வலு சதிக்குற்றத்துக்குப் பொருந்தாது என்ற மேன்முறையீட்டுத் தீர்ப்பினால் ஆயுட்சிறையோடு தப்பினர். செல்வாக்கும் பணமும் உடையோர் சிறை செல்ல, கருவியாக நின்றவன் தூக்கு மேடை ஏறினான். அவசரத்திற் செய்யப்படும் சட்டம் யார்மீது விழும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மரண தண்டனையின் ஆதரவாளர் தம் வலிமைமிக்க வாதத்தை 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிலிருந்து பெறலாம். அக்கிளர்ச்சி தொடங்கியபோது மக்கள் விடுதலை முன்னணித் தலைவர் றோகண விஜேவீர யாழ்ப்பாணத்துச் சிறையிலே வைக்கப்பட்டிருந்தார். குற்றவியல் நீதி ஆணைக்குழு அவருக்கு ஆயுட்சிறை விதித்தது, 1977இல் விடுதலையானார், 1987 முதல் 1989 வரை மீண்டும் ஒரு குருதிப்புனலுக்குத் தலைமை தாங்கினார். அன்றே தூக்கிலிட்டிருந்தால் இவ்வழிவு நேர்ந்திராது என்பர். இதனை எளிதிற் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. ஆயின் இடையில் நிகழ்ந்தவற்றையும் கணக்கிடல் வேண்டும். விடுதலையான விஜேவீர 1982இல் சனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டார். 1983 யூலை வன்செயலுக்குப் பொறுப்பாளரென அவர் கட்சிமீது குற்றஞ்சாட்டி, அரசாங்கம் அதனைத் தடைசெய்தது. வாக்குச்சீட்டின் வழி அடைக்கப்பட்ட பின்னரே தலைமறைவு தொடங்கிற்று. கிராமப்புற இளைஞரின் வேலையின்மையும் நிலமின்மையும் ஒரு தலைவனோடு பிறந்தவையல்ல, அவனோடு இறப்பனவுமல்ல. 1989 நவம்பரில் விஜேவீர நீதிமன்றமின்றிக் கொல்லப்பட்டார். இருமுறை தடைசெய்யப்பட்ட அதே கட்சியின் தலைவர் 2024இல் மக்கள் வாக்கினால் சனாதிபதியானார். தூக்குக் கட்டளையில் ஒப்பமிடும் அதிகாரம் ஒருகாலத்தில் வேட்டையாடப்பட்ட இயக்கத்தின் கையைச் சேர்ந்தமை, ‘பயங்கரவாதி’ என்ற சொல் எத்துணை நிலையற்றது என்பதை உணர்த்துகிறது.

குடாநாட்டுக்கு வருவோம். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் குற்றச்சாட்டின்றிப் பதினெட்டு மாதம் தடுத்துவைக்கவும், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கவும் இடமளித்தது. சித்திரவதையின் வாயிலாகச் சான்று உற்பத்தியாகும் வழி சட்டத்தினுள்ளேயே திறக்கப்பட்டது. 1982 ஓகஸ்டில் குட்டிமணிக்கும் ஜெகனுக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அத்தண்டனை அச்சத்தை விளைவித்ததா? தண்டிக்கப்பட்டவரைத் தமிழர் விடுதலைக் கூட்டணி அவ்வாண்டு ஒக்டோபரில் வட்டுக்கோட்டைப் பாராளுமன்ற உறுப்பினராக நியமித்தது. பதவிச் சத்தியம் செய்ய அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. தூக்குத் தீர்ப்பு ஒரு கைதியை மக்கட் பிரதிநிதியாக்கிற்று என்றே கூறல் வேண்டும். 1983 யூலை 25, 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையினுள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். தூக்குக்குக் காத்திருந்த குட்டிமணியும், ஆயுட்சிறை பெற்ற தங்கத்துரையும், தீர்ப்பே பெறாத பலரும் அங்கு ஒருசேர மாண்டனர். மரண விசாரணை இவற்றைக் கொலைகள் என்றது, எவரும் தண்டிக்கப்படவில்லை. தூக்கா, சிறையா என விவாதிக்குமுன், சிறை சிறையாக இருக்குமா என்ற வினாவை வெலிக்கடை நம்முன் வைத்தது.

எனினும் அரசை மாத்திரம் சுட்டி அமைதல் ஆய்வாளர்க்கு அழகன்று. 1980களில் குடாநாட்டின் சந்திகளிலே மின்கம்பங்களிற் கட்டிச் சுட்டவர்கள் நம் இளைஞர்களே. ‘துரோகி’, ‘சமூக விரோதி’ என்ற அட்டை கழுத்தில் தொங்கியது. குற்றப்பத்திரிகையும் தீர்ப்பும் அதுவே. அவ்வாறு மாண்டவருட் பலர் வறியோரும் ஒடுக்கப்பட்டோரும் என்பதை எத்தனை பேர் எழுதினோம்? 1989 செப்டெம்பரில் ரஜனி திராணகம கொல்லப்பட்டபோதும் நம்மிற் பலர் தாழ்ந்த குரலிலேயே பேசினோம். அரசு ‘பயங்கரவாதி’ என்றதும் இயக்கம் ‘துரோகி’ என்றதும் வேறு வேறு சொற்களெனினும், விசாரணையை வேண்டாததாக்கும் தொழிலை இரண்டும் ஒருங்கே செய்தன.

இனி, நம்மவர் பாதிக்கப்பட்டோராக நிற்கும் வழக்குகளில் நமது நிலை யாது? 1996இல் செம்மணிச் சோதனைச் சாவடியில் பாடசாலை மாணவி ஒருவரும், அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். 1998 யூலையில் இராணுவத்தினர் சிலருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை விதிக்குமுன் சொல்வதற்கு ஏதுமுண்டா எனக் கேட்கப்பட்டபோது, சோமரத்ன ராஜபக்ச என்னும் கோப்ரல், செம்மணியில் 300 முதல் 400 வரையிலான உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என்றார். 1999இல் 15 உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. 2025இல் அயலிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 1998இலேயே அவரைத் தூக்கிலிட்டிருந்தால் நமது கோபம் தணிந்திருக்கலாம். புதைகுழிகளைப் பற்றிப் பேசக்கூடிய வாயொன்று மூடப்பட்டிருக்கும். மேலிருந்து கட்டளையிட்டோருக்கு அதனினும் பெரிய உதவி வேறில்லை. சோமாராம வழக்கின் படிப்பினை இங்கு மறுபடியும் தோன்றுகிறது.

மறுபுறம், 2000 டிசெம்பரில் மிருசுவிலில் சிறுவர் உட்பட எட்டுப் பேரைக் கொன்றமைக்காக 2015இல் மரண தண்டனை பெற்ற இராணுவத்தினர், மேன்முறையீடு தோற்ற பின்னரும், 2020 மார்ச்சில் சனாதிபதி மன்னிப்புப் பெற்று வெளியேறினார். 1976 யூனுக்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. நிறைவேறாத தூக்கு, வரையறையற்ற சிறையாகி, ஈற்றில் ஆட்சியாளரின் விருப்பமாக முடிகிறது. கடுமையானது போலத் தோன்றும் தண்டனை, வேண்டியவருக்குக் கதவு திறக்கும் தண்டனையாகவும் அமைந்துவிடுகிறது.

ஆதலின் மரண தண்டனை நீக்கப்படல் வேண்டும் என்பதே நமது முடிபு. ஆனால் ஆயுட்சிறையை அதன் இடத்தில் வைத்துவிட்டால் நீதி பிறந்துவிடும் என்று மயங்குவதற்கில்லை. சாதாரண சான்றுச் சட்டத்தின்படி விசாரணை, பொலிஸ் வாக்குமூலத்துக்கு இடமின்மை, குறித்த காலத்தில் நீதிமன்றத்தின் மீள்பார்வை, பாதிக்கப்பட்டோரைக் கேளாது மன்னிப்பு வழங்காமை ஆகியவை உடன் வந்தாலன்றி ஆயுட்சிறை மெதுவான தூக்காகவே அமையும். இந்நியதி நம்மைக் கொன்றவருக்கும் நம்மிடையே கொன்றவருக்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். சித்துப்பாத்தி மண்ணிலிருந்து மீண்ட எலும்புகள் தம் பெயரை வேண்டி நிற்கின்றன. அப்பெயர்களை அறிந்தோர் உயிரோடிருந்து சொல்ல வேண்டியவற்றைச் சொல்லட்டும்.