பஞ்சமும் உறிஞ்சற் கோடும்

1876–78இல் சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் பதுளை, பசறை, அப்புத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாக ஆள் திரட்டித் தந்தமை மலையக ஆய்வாளர் அறிந்ததே. வடபாதையில் மாத்தளை நோக்கி நடந்து மடிந்தோர் எத்தனை பேர் என்பது இன்றும் விவாதத்துக்குரியது. அதே பஞ்சம் வானியலுக்கும் ஒரு வித்திட்டதென்பதை நாம் போதிய அளவு கவனித்திலோம்.

பஞ்சத்தின் காரணத்தை வரிமுறையிலும் தானிய ஏற்றுமதியிலும் தேட விரும்பாத ஆளும் வர்க்கம் அதனைச் சூரியனில் தேடியது. 1877இல் நோர்மன் லொக்கியரும் வில்லியம் ஹண்டரும் சூரியக் கரும்புள்ளிகளுக்கும் பஞ்சங்களுக்கும் தொடர்பு கற்பித்து எழுதினர். பஞ்ச விசாரணைக் குழுவும் சூரிய அவதானிப்பை வற்புறுத்திற்று. இதன் தொடர்ச்சியாகவே 1899இல் கொடைக்கானல் வானாய்வகம் எழுந்தது. கருவி, அதனை நிறுவியோரின் நோக்கத்தை மீறிச் சென்றது.

1909இல் அங்கு ஜோன் எவர்ஷெட், கரும்புள்ளிகளின் ஓரப்பகுதி ஒளியை நிறமாலையாக விரித்தபோது கருங்கோடுகள் இடம்பெயர்ந்திருக்கக் கண்டார். வாயு தனக்குரிய அலைநீளங்களை உறிஞ்சுவதால் கோடு தோன்றும். அவ்வாயு எம்மை நோக்கி வருமாயின் கோடு நீலப்பக்கம் நகரும். புள்ளியிலிருந்து வாயு செக்கனுக்கு ஏறத்தாழ 2 கிலோமீற்றர் வேகத்தில் வெளிநோக்கிப் பாய்கிறது என்பதே இதன் பொருள்.

குவாசர்களை வாசிப்பதும் இம்முறையிலேயே. 1967இல் ரொஜர் லிண்ட்ஸ் ஆராய்ந்த பிஎச்எல் 5200 குவாசரில் காணப்பட்டவை மெல்லிய கோடுகளல்ல, அகன்ற பள்ளங்கள். மூன்று இலத்திரன்களை இழந்த கரி அணுக்கள் செக்கனுக்குப் பல்லாயிரம் கிலோமீற்றர் வேகத்தில் வெளியேறியவாறே ஊதாகடந்த ஒளியை உறிஞ்சியிருந்தன. பிரபஞ்ச விரிவு அவ்வொளியைக் கட்புலனுக்கு நீட்டித் தந்தமையால் தரையிலிருந்தே அதனைக் காண முடிந்தது. எக்ஸ் கதிர்களை வளிமண்டலம் தடுப்பதால் அவற்றுக்கு விண்கலங்கள் வேண்டியிருந்தன. பிடிஎஸ் 456 என்னும் குவாசரில் இரும்பு அணுக்கள் ஒளிவேகத்தின் கால்பங்கு அளவில் ஏறத்தாழ எல்லாத் திசைகளிலும் பாய்வதை 2015இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

அகன்ற பள்ளங்களையுடைய குவாசர்கள் எக்ஸ் கதிரில் மங்கலானவை. உள்வாயு எக்ஸ் கதிரை உறிஞ்சிப் புறவாயுவைக் காக்கிறது. அதனால் புறவாயுவின் அணுக்கள் எஞ்சிய இலத்திரன்களை இழந்துவிடாது, ஊதாகடந்த ஒளியால் தள்ளப்படத்தக்கனவாய் இருக்கின்றன என்பது பலர் ஏற்கும் விளக்கம். விழுங்குவதென்றே பேர்பெற்ற கருந்துளையின் சுற்றாடலிலிருந்தே இவ்வெளிப்பாய்ச்சலும் பிறக்கிறது. இயங்கியல் பயின்றோர்க்கு இம்முரண் புதிதன்று.

பதுளைத் தோட்டப் பாடசாலையில் எவர்ஷெட் பற்றிக் கற்பிக்கப்படுமாயின், தாது வருஷமும் அதே பாடத்தில் இடம்பெற வேண்டும் என்பது எமது கோரிக்கை.