ஆக்குநர் உறவு (பெயர் அதிகாரப் பதிவு)

நூலகப் பட்டியலில் ஓர் ஆக்குநருக்குப் பிற ஆட்களோடும் நிறுவனங்களோடும் உள்ள தொடர்பை, அவருக்குரிய பெயர் அதிகாரப் பதிவில் குறித்துவைப்பது ஆக்குநர் உறவு எனப்படும். கணினி நூற்பட்டியல் பதிவுகளுக்கான மார்க் 21 வடிவத்தில் 100ஆம் புலம் ஏற்கப்பட்ட பெயரையும், 400 மாற்று வடிவங்களையும், 500 தொடர்புடைய ஆளையும், 510 நிறுவனத்தையும் ஏற்கின்றன. ‘ஐ’ ($i) துணைப்புலம் உறவின் தன்மையைச் சொல்லும். 2010இல் வெளியான ஆர்.டி.ஏ. என்னும் பட்டியலாக்க விதிகள் இவ்வுறவுச் சொற்களை ஒழுங்குபடுத்தின. ஒரு நூலை எழுதியவர், பதிப்பித்தவர் என்ற தொடர்பு இதில் அடங்காது, அது நூற்பதிவுக்குரியது.

எடுத்துக்காட்டாக, மலேசியாவின் பினாங்கைச் சார்ந்த தமிழ் ஆக்குநர்களுக்கு இப்பதிவு இன்றியமையாதது. தமிழ்ப் பெயரின் முதலெழுத்து பெரும்பாலும் தந்தை பெயரைக் குறிக்கும். அதைக் குடும்பப் பெயராகக் கொண்டால் உறவில்லாதவர்கள் ஒரே குடும்பத்தாராகிவிடுவர். மலேசிய ஆவணங்களில் வரும் ‘அனாக் லெலாக்கி’ (மகன்) என்னும் தொடரும் பெயரின் பகுதியன்று. மரைக்காயர் என்னும் பெயர் பினாங்கில் ‘மெரிக்கன்’ என்றும் வழங்குவதால், ஒன்றை ஏற்கப்பட்ட பெயராகக் கொண்டால் மற்றது 400ஆம் புலத்தில் இணைக்கப்பட வேண்டும்.

பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ இதழை நடத்திய நாகூர் வா. குலாம் காதிறு நாவலர் (1833–1908) தக்க சான்று. ‘காதிர்’, ‘காதிறு’ என்னும் எழுத்து வேறுபாடுகளில் ஏற்கப்படாத வடிவம் 400ஆம் புலத்துக்குரியது. அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடான உறவு 500ஆம் புலத்தில் இடம்பெறலாம். இதழாசிரியர் பணியோ இதழின் நூற்பதிவில் 700ஆம் புலத்தில் அமையும்.