ஒன்றரை ஷிப்ட்: பனியன் நகரில் ஓய்வின் வரலாறு

திங்கட்கிழமை முதல் வகுப்பில் நன்னூல் நடத்துவது திருப்பூர் வட்டாரக் கல்லூரி ஆசிரியர் எவர்க்கும் எளிதன்று. நாம் இவ்வூருக்கு வந்த புதிதில், பின்வரிசை மாணவர் ஒருவர் மேசைமீது தலைவைத்து உறங்கக் கண்டு எழுப்பினோம். எழுந்து நின்றவர் சொன்ன விடை, "நேத்து ஒன்றரைங்க ஐயா." வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த நமக்கு மட்டுமே அதற்குப் பொருள் கேட்க வேண்டியிருந்தது.

காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடிந்தால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை, ஒன்பது மணிவரை நீண்டால் ஒன்றரை. நள்ளிரவு கடந்து ஒரு மணி ஆனால் இரண்டு. பனியன் கம்பெனிகளில் உழைப்பை அளக்கும் முகத்தல் அளவை இதுவே. வாரத்துக்கு எத்தனை நாள் வேலை என்று இங்கு கேட்பதில்லை. எத்தனை ஷிப்ட் என்றே கேட்பர். ஆறு நாளில் ஒன்பது ஷிப்ட் என்பது ஆர்டர் மிகுந்த மாதங்களில் வியப்புக்குரிய கணக்கன்று.

உடல்நலம் பற்றி எழுதுவோர் அளவான உழைப்பு, அளவான உறக்கம், அளவான உடற்பயிற்சி என்பர். அளவு பற்றிய இப்பேச்சு நமக்குப் புதிதன்று. குறளின் மருந்து அதிகாரமே மிகுதியையும் குறைவையும் நோயென்று சொல்லித்தான் தொடங்குகிறது. ஆயினும் அந்நூலில் மடியின்மைக்கு ஓர் அதிகாரம் உண்டு, ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் உண்டு, ஓய்வுக்கென்று ஓர் அதிகாரம் இல்லை. குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. உழைப்பைப் போற்றும் சொற்கள் நம்மிடம் நிரம்ப உள்ளன. ஓய்வைக் கோரும் சொற்களைத் தொழிலாளர்கள் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அச்சொற்கள் சட்டமான வரலாறு நெடியது. 1911 ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் ஆண் தொழிலாளியின் வேலைநாள் 12 மணி நேரத்தைத் தாண்டலாகாது என்றது. 1918 இல் சென்னையில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பின்னி ஆலைத் தொழிலாளர் முறையிட்ட குறைகளில் நண்பகல் உணவு இடைவேளை போதவில்லை என்பதும் ஒன்று. அமர்ந்து உண்ணச் சில நிமிடங்கள் கேட்டதிலிருந்து ஒரு தொழிற்சங்க இயக்கம் பிறந்தது என்பதை நம் மாணவர்க்கு நாம் போதிய அளவு சொல்வதில்லை. 1922 இல் வாரம் 60 மணி, 1934 இல் 54 மணி, 1946 இல் 48 மணி என உச்ச வரம்பு இறங்கியது. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு 9 மணி, ஐந்து மணி நேர வேலைக்குப்பின் அரைமணி இடைவேளை, வாரத்தில் ஒருநாள் விடுமுறை, மிகைநேரத்துக்கு இருமடங்குக் கூலி என்று வகுத்தது. நின்றே வேலை செய்வோர் வாய்ப்புக் கிடைக்கும்போது அமர இருக்கை வேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது.

இக்கணக்கை ஒன்றரை ஷிப்டோடு ஒட்டிப் பார்த்தால் தலை சுற்றும். உணவு, தேநீர் இடைவேளைகளைக் கழித்தாலும் ஆறு நாள் ஒன்றரை என்பது 60 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. அதாவது 1922 ஆம் ஆண்டின் வரம்புக்கும் அப்பால். ஐந்தரைக்குப் பிந்திய மூன்று மணி நேரத்துக்கு இருமடங்குக் கூலி என்றால் முக்கால் ஷிப்ட் வர வேண்டும். ஊர் வழக்கோ அதை அரை என்கிறது. அந்தக் கால் ஷிப்ட் எங்கே போயிற்று என்று எந்தக் கணக்கேடும் சொல்வதில்லை.

இவ்வழக்கம் எப்படி வந்தது? 1920களில் இவ்வூரில் பின்னலாடைத் தொழில் தொடங்கியபோது கையால் சுழற்றும் எந்திரங்களே இருந்தன. கை ஓய்ந்தால் எந்திரமும் ஓயும். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு வந்தபின் இரவும் வேலைநேரமாக வாய்ப்பு உண்டாயிற்று. பின்னர் இத்தொழிலில் முதலாளிகளானோருள் பலர் கொங்கு நாட்டு உழவுக் குடிகளிலிருந்து வந்து, முதலில் இதே கம்பெனிகளில் கூலிக்கு நின்றவர்கள். சரத் சாரி 2004 இல் வெளியிட்ட தம் ஆய்வில், இவர்கள் தம் உயர்வுக்குச் சொல்லும் காரணம் உழைப்பு என்னும் ஒற்றைச் சொல்லே என்று விரிவாகக் காட்டுகிறார். அது பொய்யன்று. கிணற்றில் கவலை இறைத்த உடம்பு பன்னிரண்டு மணி நேரத்துக்கு அஞ்சாது. ஆனால் தனக்காக உழைத்தவர் தம் உழைப்பை அளவுகோலாக வைத்துப் பிறரை அளக்கும்போது வழுக்கல் நேர்கிறது. (பண்ணையத்தில் உழவனுக்கு மழைக்காலமும் மதிய நிழலும் ஓய்வு தந்தன என்று பெருமூச்சு விடுவோர், அதே பண்ணையத்தில் ஆளாக நின்ற அருந்ததியரைக் கேட்டுவிட்டுப் பேசுவது நன்று.)

இவ்வூரின் தொழிலாளர் வரலாற்றில் 1984 பெரிய ஆண்டு. பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதைக் கூலிப் போராட்டம் என்றே எழுதுவது வழக்கம். அது ஓய்வுக்கான போராட்டமும்கூட என்பது நம் கருத்து. விலைவாசி ஏறும்போது கூலியும் ஏறினால் குடும்பம் ஒரு ஷிப்டில் நடக்கும். ஏறாவிட்டால் அந்த இடைவெளியை நிரப்ப மாலை ஐந்தரைக்குப் பிந்திய நேரமே கையில் எஞ்சும். இன்றும் ஒரு ஷிப்டோடு விட்டுவிடும் கம்பெனியைவிட ஒன்றரை தரும் கம்பெனியைத் தேடிச் செல்லும் தொழிலாளர் மிகுதி. வாடகை அறையில் தங்கி வட மாநிலத்துக்குப் பணம் அனுப்புவோர்க்கு இது இன்னும் உண்மை. அவர்களிடம் எட்டு மணி நேரம் உறங்குங்கள் என்பது, ஊதியத்தில் மூன்றில் ஒன்றை விட்டுவிடுங்கள் என்பதற்குச் சமம்.

1980களுக்குப்பின் ஏற்றுமதி பெருகியது. ஜாப் ஒர்க், கான்ட்ராக்ட், பீஸ் ரேட் எனச் சிறு அறைகளுக்கு வேலை சிதறியபின் நேரத்தைக் கணக்கிடுவாரும் அருகினர். ஷிப்மென்ட் தவறினால் கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பி நட்டத்தை ஏற்கும் அச்சம் முதலாளியிடமிருந்து மேற்பார்வையாளர் வழியாகத் தையல்காரர் கழுத்தில் இறங்குகிறது.

உடலைப் பார்ப்போம். ஓவர்லாக், பேட்லாக் ஓட்டுபவர் நாள் முழுதும் அமர்ந்து, கழுத்தைக் குனிந்து, பாதத்தால் பெடலை மிதித்தபடி இருக்கிறார். செக்கிங் பெண்கள் நாள் முழுதும் நிற்கின்றனர். அயர்ன் மாஸ்டர் நீராவியில் வேகிறார். களைப்பு எல்லோர்க்கும் உண்டு. உடற்பயிற்சி என்று சொல்லத்தக்க அசைவு எவர்க்கும் இல்லை. மேலைநாட்டார் பூங்காக்களில் ஓட உடுத்தும் டி-சட்டை பலவும் இங்கே தைக்கப்படுபவை. தைத்தவர் காலை நடைக்கு எழும் நேரத்தில் சோறு கட்டிக்கொண்டு கம்பெனி வேனுக்கு நிற்கிறார். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும் இதயத் தமனி நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021 இல் வெளியிட்டன. நம் இலக்கியம் இவ்வூரின் நோயை நொய்யலில் கண்டது. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' அதற்குச் சான்று. உறக்கமற்ற உடம்பின் நோய் இன்னும் அவ்வளவாக எழுதப்படவில்லை.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைநாளுக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது, நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாம் என அரசு விளக்கியது. எதிர்ப்பு எழுந்ததும் மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் முதல் மே தினம் கொண்டாடி அன்றோடு நூறாண்டு. அந்நாள்களில் நம் ஆசிரியர் அறையில் விவாதம் சூடாக நடந்தது. அலுவலக உதவியாளர் அம்மா தேநீர் வைத்துவிட்டு, "அதென்னங்க சார் புதுசா? எம் பொண்ணு இப்பவே பன்னெண்டு மணி நேரந்தானுங்க" என்றார். மூன்று நாள் ஓய்வு பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

அந்த மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். திங்கட்கிழமை முதல் வகுப்பில் நாம் இப்போது நன்னூல் வைப்பதில்லை. சிறுகதை வாசிக்கிறோம், உறங்குபவரை எழுப்புவதில்லை.