சென்னை மாநகரின் பதினான்கு மாடிக் கட்டடம்

கொழும்பு மாநகரின் கொம்பனித்தெருவில், பேரை வாவிக் கரையில் நின்று நோக்குவார்க்கு இன்று வானளாவிய கட்டடங்கள் பல தோன்றும். 2019 ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்ட தாமரைக் கோபுரம் 350 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. இவற்றைக் காண்போர், 54 மீற்றர் உயரமேயுடைய ஓர் அலுவலகக் கட்டடத்தின் வரலாற்றை ஆராய்வதால் வரும் பயன் யாதெனக் கேட்டல் கூடும். கட்டடம் ஒன்றின் சிறப்பு அதன் உயரத்தில் மட்டும் தங்குவதன்று. அதனை எழுப்பியோர் கருத்தும், அது பட்ட இன்னல்களும், அது மக்களுக்குப் பயன்பட்டவாறும் சேர்ந்தே அதன் வரலாறாகின்றன. இவ்வுண்மையை விளக்குதற்குச் சென்னை அண்ணா சாலையிலுள்ள எல்.ஐ.சி. கட்டடம் தக்க சான்றாகும்.

இதனை எழுப்பக் கருதியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1937 இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று நகரங்களில் ஒருங்கே தொடங்கியவர் இவரே. அவ்வங்கி பின்னர்க் கொழும்பிலும் கிளை பரப்பியது. இவர் தமது யுனைற்றெட் இந்தியா ஆயுட் காப்புறுதிக் கொம்பனிக்குத் தலைமையகமாக இக்கட்டடத்தை 1953 இல் தொடங்கினார். எச். ஜே. பிரவுண், எல். சி. மூலின் என்னும் இலண்டன் கட்டடக் கலைஞர் இதன் அமைப்பை வரைந்தனர்.

அக்காலத்துச் சென்னையின் பெருங்கட்டடங்கள் பெரும்பாலும் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. அம்முறையிற் சுவரே பாரத்தைத் தாங்குதலின், உயரம் மிகமிக அடிச்சுவரின் தடிப்பும் மிகுதல் வேண்டும். கம்பியிட்ட கொங்கிறீற்றுத் தூண்களோ பாரம் முழுவதையும் தாமே ஏற்பன. சுவர் வெறும் போர்வையாகிவிடும். ஆதலின் மாடிமேல் மாடி அடுக்குதலும், சுவருக்கு மாறாகக் கண்ணாடி பதித்தலும் இயல்வனவாயின. பழைய முறையினின்று புதிய முறைக்குச் சென்னை மாறியமைக்கு இக்கட்டடம் ஓர் எல்லைக்கல் எனலாம்.

ஆயினும், கருதியவர் அதன் நிறைவைக் கண்டாரல்லர். 1954 மார்ச்சு 13 ஆந் திகதி சிங்கப்பூரில் நிகழ்ந்த விமான விபத்திற் சிதம்பரம் செட்டியார் உயிர் துறந்தார். 1956 இல் இந்திய அரசு ஆயுட் காப்புறுதித் தொழிலை நாட்டுடைமையாக்கியது. 245 நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்டு ஆயுட் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. 1957 இல் இலண்டன் கலைஞரும் நீங்கினர். எஞ்சிய பணியை எல். எம். சித்தலே என்னும் கட்டடக் கலைஞர் முடித்தார். 1959 ஆகஸ்டு 23 ஆந் திகதி நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கட்டடத்தைத் திறந்துவைத்தபோது, தொடங்கியவரும் இலர். தொடங்கிய கொம்பனியும் இல்லை. செல்வர் ஒருவரின் கனவு, பல்லாயிரம் எளிய மக்களின் சேமிப்பைக் காக்கும் பொதுமனையாக முடிந்தது.

1975 இல் இக்கட்டடத்திற் பெருந்தீ மூண்டது. அதன் பின் நடைபெற்ற புதுக்குவேலையிற் கிழக்கு மேற்குப் பக்கங்களின் கண்ணாடி நீக்கப்பட்டு, கொங்கிறீற்றுச் சாளரப் பின்னல் அமைக்கப்பட்டது. காலை வெயிலும் மாலை வெயிலும் நேரே தாக்கும் பக்கங்கள் அவையே. குளிர்நாட்டார் விரும்பும் கண்ணாடிச் சுவர் வெப்பநாட்டுக்கு முற்றும் பொருந்துவதன்று என்பதை இம்மாற்றம் உணர்த்துகின்றது.

கொழும்புக் கோட்டையிலுள்ள சிலிங்கோ மாளிகையின் வரலாறும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. அதுவும் ஒரு காப்புறுதிக் கொம்பனியின் முயற்சி. தலைநகரின் முதல் உயர்மாடிக் கட்டடங்களுள் ஒன்று. 1960களின் தொடக்கத்தில் இலங்கையிலும் காப்புறுதித் தொழில் அரசுடைமையாயிற்று. 1996 சனவரி 31 ஆந் திகதி மத்திய வங்கியின்மீது நிகழ்ந்த குண்டுத்தாக்குதலில் உயிரிழந்தோர் பலர். அண்மையில் நின்ற அம்மாளிகையும் பெருஞ்சேதமுற்றது. ஆகவே அதன் சுவர்களும் ஒரு நாட்டின் துயரைத் தாங்கியவையே.

உயரத்தால் வரும் புகழ் நிலையற்றது. சென்னைக் கட்டடத்தினும் உயர்ந்தவை இன்று அந்நகரிலேயே பல. எனினும், முகவரி கூறுவோர் இன்றும் அதனையே அடையாளமாகச் சுட்டுகின்றனர். கொம்பனித்தெருவிலோ பழைய கட்டடங்கள் பல ஒவ்வொன்றாக மறைகின்றன. அவற்றுள் வாழ்ந்தோரும் தொழில் செய்தோரும் இன்னும் நம்மிடையே உளர். அவர்தம் நினைவைக் கேட்டு எழுதிவைத்தல் மாணவர்க்கு அரிய செயலன்று. காலம் தாழ்த்தின், பின்னர் எவராலும் இயலாத செயலாகிவிடும்.