பாகுபாடு எங்கே தொடங்குகிறது?

ஹல்துமுல்லைத் தோட்டங்களிலிருந்து வரும் மாணவர்களிடம் ஒருநாள், "இந்த நாட்டில் பாகுபாட்டுக்கு ஆளாகிறவர் யார்?" என்று எழுதச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே விடையையே எழுதினார்கள்: "நாங்கள்."

விடை பொய்யன்று. அதன் பின்னால் ஒரு நூற்றாண்டு நிற்கிறது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மலையக மக்கள் 'இந்தியத் தமிழர்' எனத் தனியே எண்ணப்பட்டார்கள். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. மறு ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 150,000 பேரின் கதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று. இந்த வரலாற்றைப் பிள்ளைகள் பாட்டன் பாட்டி வாயிலாகவே அறிந்திருக்கிறார்கள்.

அடுத்து, "உங்கள் லயத்துக்குள் பாகுபாடு உண்டா?" என்று கேட்டேன். "இல்லை" என்றான் ஒருவன். சிறிது நேரம் கழித்து ஒரு மாணவி எழுந்தாள்: "அம்மாவும் அப்பாவும் ஒன்றாகத்தான் மலைக்குப் போகிறார்கள். திரும்பி வந்ததும் அம்மா மட்டும் அடுப்படிக்குப் போகிறாள். இதுவும் பாகுபாடா, சேர்?"

அந்தக் கேள்விக்கும் வரலாறு உண்டு. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதிலும் குறைவு, பிள்ளைக்கு இன்னும் குறைவு என மூன்று தரங்களை வகுத்தது. ஒரே மலை, ஒரே மழை. ஆயினும் பெண்ணின் பேருக்கு விலை குறைவு! 1984இல் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த பின்னரே சம கூலி கிடைத்தது. ஐம்பத்தேழு ஆண்டுகள் இந்த அநீதி வழக்கமாகவே கருதப்பட்டது.

சாதியின் கதையும் இத்தகையதே. கங்காணி தமிழகக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்து வந்தபோது சாதியும் கூடவே கப்பலேறிற்று. பல தோட்டங்களில் சாதி பார்த்தே லயங்கள் ஒதுக்கப்பட்டன. வெளியார் தம்மை இழிவாக அழைத்தால் கொதிக்கும் இளைஞர், கலியாணப் பேச்சில் பெரியவர்கள் சாதி கேட்கும்போது தலைகுனிந்து நிற்கிறார்கள்.

பிறர் நமக்குச் செய்யும் அநீதி நோகிறது, ஆதலால் தெரிகிறது. நாம் பிறருக்குச் செய்வது நமக்கு நோவதில்லை. ஆதலால் அதற்கு வழக்கம் என்று பெயரிடுகிறோம். ஆனால் குடியுரிமையைப் பறித்ததும் மனிதர் இயற்றிய சட்டம். பெண்ணின் கூலியைக் குறைத்ததும் மனிதர் இயற்றிய சட்டம். இரண்டும் மாறின. எனவே எஞ்சியவையும் மாறக்கூடியவையே.

ஆசிரிய நண்பர்களே, குடியுரிமைச் சட்டத்தைக் கற்பிக்கும் அதே பாடவேளையில் அந்த மூன்று கூலிகளையும் கற்பியுங்கள். "நாங்கள்" என்று எழுதிய பிள்ளை, அந்தச் சொல்லுக்குள் தன் தாய்க்கும் அடுத்த லயத்தானுக்கும் இடம் உண்டா என்று கேட்கத் தொடங்கட்டும்.