பின்வரிசையிலிருந்து வந்த முழவுகள்: ஸ்டீவ் ரைஷின் தாள இசை

மேற்கத்தியச் செவ்வியல் இசையில் தாளக்கருவிகளின் இடம் நெடுங்காலம் பின்வரிசையாகவே இருந்தது. டிம்பனி எனப்படும் செம்புக் கலப் பெருமுழவு உச்சகட்டங்களுக்கு அழுத்தம் தருவதோடு அமைந்துவிட, மெட்டும் இசைவும் நரம்புக் கருவிகளிடமும் துளைக்கருவிகளிடமுமே தங்கியிருந்தன. எட்கார் வரேஸ் 13 தாளக் கலைஞர்களுக்காக எழுதிய 'அயனைசேஷன்' 1933இல் நியூயார்க்கில் அரங்கேறியதும், அதே பத்தாண்டின் முடிவில் ஜான் கேஜ் உலோகக் கருவிகளுக்கென எழுதியதும் அந்த வரிசையைக் கலைத்த தொடக்க முயற்சிகள். எனினும், கையில் கோல் பிடித்து வாசிப்பவரே இசையை இயற்றுபவராகவும் இருந்து, வாசிப்பின் உடல் அனுபவத்திலிருந்தே கட்டுமானத்தை வகுத்தவர் என்று சொல்லத் தகுந்தவர் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஸ்டீவ் ரைஷ் ஆவார்.

1936இல் நியூயார்க்கில் பிறந்த ரைஷ், பதினான்காம் வயதில் பாஹ், ஸ்ட்ராவின்ஸ்கி ஆகியோரின் இசையையும் பீபாப் எனப்படும் விரைவான ஜாஸ் வகையையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கேட்டறிந்து, பின்னாளில் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கின் டிம்பனிக் கலைஞரான ரோலண்ட் கோலாஃபிடம் முழவு பயின்றார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தத்துவமும், ஜூலியார்டிலும் மில்ஸ் கல்லூரியிலும் இசையமைப்பும் கற்றார்.

அவருடைய பெயரோடு பிணைந்த உத்தி கருவி வாசிப்பில் பிறக்கவில்லை என்பது விந்தையே. 1965இல், சான் பிரான்சிஸ்கோவில் பதிவுசெய்த தெருப் பிரசங்கியின் குரல் துணுக்கை இரு ஒலிநாடா வளையங்களில் ஒருசேர ஓடவிட்டபோது, இயந்திரங்களின் நுண்ணிய வேக வேறுபாட்டால் ஒன்று மற்றதிலிருந்து மெல்ல விலகுவதைக் கவனித்து, அந்த விலகலையே 'இட்ஸ் கோனா ரெயின்' என்னும் படைப்பின் அமைப்பாக்கினார். ஒரே சொற்கட்டு தன்னிடமிருந்தே சிறிது சிறிதாகப் பிரிந்து, மீண்டும் தன்னோடு சேர்வதாகிய இம்முறையைக் கட்டப்பெயர்ச்சி எனலாம். இதனை இயந்திரத்திடமிருந்து மனிதக் கைகளுக்கு மாற்றியது 1967இல் எழுதப்பட்ட 'பியானோ ஃபேஸ்'.

1970 கோடையில் ரைஷ் கானா சென்று, அக்ராவிலுள்ள பல்கலைக்கழகத்தில் ஈவே மக்களின் முழவாசிரியர் கிடியன் அலோர்வோயியிடம் பயின்றார். மலேரியா தாக்கியதால் அந்தப் பயிற்சி சில வாரங்களிலேயே முடிந்தது. இரும்பு மணி ஒன்று மாறாத சுழற்சியை ஒலித்துக்கொண்டிருக்க, பிற முழவுகள் வெவ்வேறு இடங்களில் எடுப்பு வைத்துப் பின்னிச் செல்லும் ஈவே மரபு, தாம் ஏற்கெனவே சென்றுகொண்டிருந்த வழிக்குக் கிடைத்த உறுதிப்பாடு என்றே அவர் கருதினார். ஆப்பிரிக்க ஒலியைப் போலிசெய்யாமல் அதன் கட்டமைப்பை மட்டுமே கற்பதாக அவர் வகுத்துக்கொண்ட வரம்பு நேர்மையானதே. ஆயினும், கட்டமைப்பும் ஒரு மக்களின் உடைமைதான் என்பதால், கடன் அதனால் குறைந்துவிடுவதில்லை.

திரும்பியதும் அவர் எழுதிய 'டிரம்மிங்' 1971 டிசம்பரில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அரங்கேறியது. ஒரு மணி நேரத்தை ஒட்டி நீளும் இந்நான்கு பகுதிப் படைப்பு முழுவதும் 12 மாத்திரை கொண்ட ஒரே தாளக்கட்டின் மீது நிற்கிறது: வெறுமையான சுழற்சியில் முதலில் ஓர் அடி மட்டும் விழ, மௌன மாத்திரைகள் ஒவ்வொன்றாக அடிகளால் நிரப்பப்பட, கட்டு முழுமை பெற்றபின் ஒருவர் வேகத்தை நூலளவு கூட்டி மற்றவரைவிட மெல்ல முன்னேறுகிறார். சுருதி சேர்த்த நான்கு இணை பாங்கோ முழவுகளும், மரப்பலகை வரிசையான மரிம்பாவும், எஃகுத் தகடுகளாலான குளோக்கன்ஷ்பீலும் முறையே முதல் மூன்று பகுதிகளை ஏற்க, இறுதியில் அனைத்தும் கூடுகின்றன. பல கைகளின் பின்னலில், தனியாக எவரும் வாசிக்காத சிறு மெட்டுகள் செவியில் எழுகின்றன என்பதும், அவற்றையே பெண் குரல்களும் சீழ்க்கையும் எடுத்தியம்புகின்றன என்பதும் இப்படைப்பின் மிக நுட்பமான கூறு.

1972இல் எழுதிய 'கிளாப்பிங் மியூசிக்' கருவியையே துறந்தது. மூன்று, இரண்டு, ஒன்று, இரண்டு எனக் கைத்தட்டுகள் அமைந்து, ஒவ்வொரு தொகுதிக்குப் பின்னும் ஒரு மாத்திரை ஓய்வு வர, மொத்தம் 12 மாத்திரை ஆகிறது. ஒருவர் இதை மாறாமல் தட்ட, மற்றவர் அவ்வப்போது ஒரு மாத்திரை தாவி, பன்னிரண்டாம் தாவலில் தொடங்கிய இடத்தையே அடைகிறார். கர்நாடக இசையில் தனி ஆவர்த்தனத்தின் கணக்கு வழக்கில் பழகிய செவிக்கு இது அந்நியமாகப் படாது. ஆனால் கோர்வை எனப்படும் முத்தாய்ப்புச் சொற்கட்டு சமத்தில் வந்து விழும்போது கிடைக்கும் வெற்றிக்களிப்பை ரைஷ் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார்.

இந்த ஒப்புமைக்கு ஆள்வழித் தொடர்பும் உண்டு. ரைஷின் குழுவில் நெடுங்காலம் வாசித்த ரஸல் ஹார்டன்பெர்கர், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இராமநாதபுரம் ராகவனிடம் மிருதங்கம் பயின்றவர். அக்குழுவின் வாசிப்பில் 1976இல் அரங்கேறிய 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்' என்னும் படைப்பில் கோலசைத்து நடத்துபவர் எவரும் இல்லை. உலோகத் தகடுகளாலான வைப்ரஃபோனை வாசிக்கும் கலைஞரின் சிறு சொற்கட்டே அடுத்த மாற்றத்துக்குச் சைகையாகிறது. இத்தகைய இசையை ஏட்டிலுள்ள குறியீடுகள் முழுமையாகக் கைமாற்றித் தருவதில்லை என்பதால், அதன் வாசிப்பு முறைகளை விளக்கி ஹார்டன்பெர்கரே 2016இல் தனி நூல் ஒன்றை வெளியிட்டார்.